அமிலத்தில் நூற்ற நூல்: ஒரு நானோகுழாய் இழையின் நிகழ்வு ஆய்வு

2013 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரையையொட்டி அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகம் ஒரு படம் வெளியிட்டது. ஒரு எல்இடி விளக்கு அந்தரத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் மேலிருந்து இறங்கும் இரண்டு இழைகள் கண்ணில் படும். விளக்கின் எடையைத் தாங்குவதும் அவைதான், மின்சாரத்தைக் கொண்டுவருவதும் அவைதான். இரண்டும் முழுக்க முழுக்கக் கார்பன் நானோகுழாய்களால், அதாவது கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களால் நூற்கப்பட்டவை.

படம் அழகுதான். ஆனால் எனக்கு அதைப் பார்த்ததும் எழுந்த கேள்வி வேறு. நானோகுழாய் உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது 1991இல். எஃகைவிடப் பல மடங்கு வலிமை என்ற பேச்சும் சீக்கிரமே கிளம்பிவிட்டது. அப்படியிருக்க, ஒரு விளக்கைத் தொங்கவிட ஏன் 22 வருஷம் ஆனது? இந்த ஆய்வு முழுவதும் அந்தத் தாமதத்தைப் பற்றியதுதான். குழாய்க்கு வலிமை போதாமல் யாரும் தவிக்கவில்லை. அதைக் கரைக்கத் தெரியாமல்தான் தவித்தார்கள்.

குழாயின் பலம் வேறு, நூலின் பலம் வேறு

ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் இருந்த சுமியோ இஜிமா 1991இல் பலசுவர்க் குழாய்களைப் பற்றி (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த குழாய்கள்) எழுதினார். 1993இல் அவரது குழுவும், தனியாக ஐபிஎம் குழுவும் ஒற்றைச் சுவர்க் குழாயைக் காட்டின. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளைப் பாய்போல் சுருட்டினால் எப்படியிருக்கும், அதுதான் ஒற்றைச் சுவர்க் குழாய். விட்டம் 1 நானோமீட்டர் அளவு. இழுவலிமை பல பத்து கிகாபாஸ்கல். இந்த அலகு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 1 கிகாபாஸ்கல் வலிமையுள்ள பொருளில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு இருந்தால் சுமார் 100 கிலோ தாங்கும். நல்ல எஃகுக் கம்பி 2 கிகாபாஸ்கலைச் சுற்றி நிற்கும். நானோகுழாயில் விண்வெளிக்கு மின்தூக்கி கட்டலாம் என்றெல்லாம் அப்புறம் எழுதித் தள்ளியதற்கு இந்த எண்தான் காரணம்.

ஆனால் ஒரு குழாயின் நீளம் பெரும்பாலும் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமீட்டர் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஒரு மீட்டர் நூல் வேண்டுமென்றால் லட்சக்கணக்கான குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்க வேண்டும். பஞ்சிலும் இதே கதைதான். பஞ்சின் தனி இழை சில சென்டிமீட்டர் நீளம். அதிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நூல் வருகிறது என்றால், பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால்தான். முறுக்குக் குறைந்த நூலை இழுத்துப் பாருங்கள். இழைகள் அறுவதில்லை, உருவிக்கொண்டு வந்துவிடும்.

நானோகுழாய் நூலும் உருவித்தான் போகிறது. குழாயின் வலிமை கடைசிவரை சோதனைக்கே வருவதில்லை. உருவாமல் இருக்க வேண்டுமென்றால் குழாய்கள் நேராக, ஒரே திசையில், இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்க வேண்டும். ஒவ்வொன்றும் நீளமாக இருந்து, பக்கத்துக் குழாயோடு நெடுந்தூரம் ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

மின்சாரத்துக்கும் இதே பாடம்தான். குழாயின் உள்ளே எலெக்ட்ரான் அதிகத் தடையில்லாமல் ஓடும். ஒரு குழாய் முடிந்து அடுத்ததுக்குத் தாவும் இடத்தில்தான் சிக்கல். குழாய் நீளமானால் தாவல் குறையும். அடர்த்தி கூடினால் தாவுவது எளிதாகும். எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த இடம் இது. உலோகத்தில் வலிமையைக் கூட்டப் போனால் கடத்துதிறன் அடிபடும். செம்போடு வேறு உலோகம் கலந்து உறுதியாக்குகிறவர்கள் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். நானோகுழாய் நூலில் எது வலிமையைக் கூட்டுகிறதோ அதுவே கடத்துதிறனையும் கூட்டுகிறது.

ஒட்டிக்கொண்டால் விடாது

சரி, நேராக அடுக்க வேண்டும் என்றால் முதலில் பிரிக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

உலையிலிருந்து வரும் நானோகுழாய் பார்ப்பதற்குக் கரித்தூள் மாதிரி இருக்கும். உள்ளே குழாய்கள் கற்றை கற்றையாக ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குண்டு கிடக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை ஒட்டவைப்பது மூலக்கூறுகளுக்கு நடுவிலான வான்டர்வால்ஸ் ஈர்ப்பு. அதன் ஆற்றல் தொடும் நீளத்தின் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் சுமார் 0.5 எலெக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). கேட்பதற்கு அற்பம். ஆனால் ஒரு மைக்ரான் நீளம் தொட்டுக்கொண்டிருந்தால் மொத்தம் 500 ஆகிவிடும். அறை வெப்பநிலையில் ஒரு துகளுக்கு வெப்பத்தால் கிடைக்கும் துள்ளலோ 0.025தான். இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ போட்டு ஆட்டினால் பிரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

வழிகள் இல்லாமலில்லை. சோப்பு மாதிரியான பொருளைச் சேர்த்து மீயொலியால் (காதுக்கு எட்டாத ஒலி அதிர்வால்) அதிரவைத்தால் தண்ணீரில் பரவும். ஆனால் மீயொலி குழாய்களைத் துண்டாக்கிவிடும், சோப்பும் நூலுக்குள் தங்கிவிடும். குழாயின் சுவரில் வேதிக் கிளைகளை ஒட்டவைத்தும் கரைக்கலாம். ஆனால் எலெக்ட்ரான் ஓடும் சாலையே அந்தச் சுவர்தான். அதில் கிளை நட்டால் சாலையில் பள்ளம் தோண்டிய மாதிரி.

2000இல் பிரான்சின் போர்தோ குழு சோப்பு வழியில் போய், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரின் கரைசலுக்குள் பீய்ச்சி நூல் எடுத்தது. நானோகுழாயில் நூல் சாத்தியம் என்று முதலில் காட்டியவர்களில் அவர்களுக்கு இடமுண்டு. அதே வழியை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகக் குழு 2003இல் மெருகேற்றி, அறுவதற்கு முன் அபார ஆற்றலை உள்வாங்கும் நூலாக மாற்றியது. உறுதி உண்டு. ஆனால் குழாய்களுக்கு நடுவில் பாலிமர் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் தடுமாறியது.

கரைசலே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 2002இல், செங்குத்தாகக் காடுபோல் வளர்ந்த குழாய்களின் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது, கூட்டிலிருந்து பட்டு வருவதுபோல் நூல் வந்துகொண்டே இருந்தது. கேம்பிரிட்ஜ் குழு இன்னும் துணிச்சல்: உலைக்குள் குழாய்கள் உருவாகும்போதே புகைமாதிரி மிதக்கும் அந்தத் திரளை ஒரு கோலால் இழுத்துச் சுற்றினார்கள். டாலஸ் குழு குழாய்க் காட்டிலிருந்து இழுக்கும்போதே முறுக்கும் கொடுத்தது. கேம்பிரிட்ஜ், டாலஸ், ரைஸ் மூன்றின் கட்டுரைகளும் 2004 என்ற ஒரே ஆண்டில், ‘சயின்ஸ்’ என்ற ஒரே இதழில் வந்தன. நூற்பில் ஒரே நேரத்தில் மூன்று வழிமுறைகள். இதில் ரைஸின் வழிதான் நம் ஆய்வுக்கு உரியது.

முதல் சுற்று: 102 சதவீத அமிலம்

ரைஸில் ரிச்சர்ட் ஸ்மாலி இருந்தார். பந்துபோன்ற கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீனுக்காக 1996இல் இன்னும் இருவரோடு வேதியியல் நோபல் பெற்றவர். கடைசிக் காலத்தில் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தது ஆற்றல் பிரச்சினை. நானோகுழாயால் ஆன மின்கம்பி வழியாக ஒரு கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் அனுப்பலாம் என்பது அவர் கனவு. கூடவே பாய்ம இயக்கவியலில் ஊறிய வேதிப்பொறியாளர் மத்தேயோ பாஸ்குவாலி.

இவர்களுக்கு முன்மாதிரி ஒன்று தயாராக இருந்தது: அராமிட் இழை. டுபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் 1965இல் தயாரித்த கரைசல் கலங்கலாக, தண்ணீர்போல் நீர்த்து இருந்தது. அதை நூற்றால் கருவியின் துளை அடைத்துக்கொள்ளும் என்று தொழில்நுட்பப் பணியாளர் முதலில் மறுத்தார். அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். விறைத்த நீள மூலக்கூறுகள் கரைசலில் நெருக்கமானதும் வேறு வழியில்லாமல் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும். அதை அப்படியே துளைவழியே இழுத்தால் அணிவகுப்போடு நூல் வரும். கெவ்லாரின் வலிமைக்கு அடித்தளம் இதுதான், அதை நூற்பதற்கான கரைப்பான் அடர் கந்தக அமிலம். நானோகுழாயும் விறைத்த நீளக் குச்சிதானே? அமிலத்தில் போட்டுப் பார்த்தார்கள்.

போட்டது 102 சதவீதக் கந்தக அமிலம். நூற்றுக்கு மேல் எப்படிச் சதவீதம் என்று கேட்கத் தோன்றும். தூய கந்தக அமிலத்தில் சல்ஃபர் டிரையாக்சைடு வாயுவைக் கூடுதலாகக் கரைத்தால் அது தண்ணீருக்காக ஏங்கி நிற்கும். தண்ணீர் கிடைத்தால் இன்னும் அமிலமாகிவிடும் என்ற கணக்கில் நூற்றைத் தாண்டிய எண் வருகிறது. இந்த ஏக்கம் தொல்லையும் தரும். காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் உள்ளே போனாலும் கரைசலின் அமைப்பு குலைந்து, குழாய்கள் ஊசி ஊசியாகத் திரண்டுவிடும்.

2004இல் வந்த முடிவை நேர்மையாகப் படித்தால் கலவையான உணர்வுதான் வரும். பாலிமரோ சோப்போ இல்லாத சுத்தமான நானோகுழாய் நூல் அது. விறைப்பு (இழுத்தால் நீளாமல் எதிர்த்து நிற்கும் தன்மை) 120 கிகாபாஸ்கல், நல்ல எண். கடத்துதிறன் மீட்டருக்கு 0.5 மெகாசீமன்ஸ் (இந்த எண் கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும்). ஆனால் இழுவலிமை வெறும் 0.116 கிகாபாஸ்கல். பல பத்து கிகாபாஸ்கல் தாங்கும் குழாய்களைக் கொண்டு, சாதாரணப் பிளாஸ்டிக் நூலுக்கே தோற்கும் ஒன்றைச் செய்திருந்தார்கள். குழாய்கள் குட்டை. கந்தக அமிலமும் அவற்றை முழுமையாகப் பிரிக்கவில்லை, கற்றைகள் ஊறிப் பருத்தன, அவ்வளவுதான். ஸ்மாலி 2005 அக்டோபரில் காலமானார். வலிமையான நூலை அவர் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்று: உண்மையிலேயே கரைந்தது

திருப்புமுனை 2009இல், குளோரோசல்ஃபோனிக் அமிலத்தில். பாஸ்குவாலி குழுவின் கட்டுரைத் தலைப்பிலேயே ‘உண்மையான கரைசல்’ என்ற பொருள்படும் சொல் இருந்தது. வீண் ஆடம்பரமில்லை அது. அதுவரை செய்தது எல்லாமே பலவந்தமாகப் பரப்பிவைத்த கலவை. விட்டுவைத்தால் மறுபடி திரண்டு அடியில் தங்கும். இந்த அமிலத்தில் குழாய்கள் தானாகவே, சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல், தனித்தனியாகப் பிரிந்தன. எடையில் 0.5 சதவீதம்வரை சீராகக் கரைந்தது. மற்ற அமிலங்களில் கிடைத்ததைவிட இது ஆயிரம் மடங்கு. செறிவை இன்னும் கூட்டினால் திரவப் படிகம். குச்சிகள் நெருங்கினால் அணிவகுக்கும் என்று லார்ஸ் ஆன்சாகர் 1949இல் காகிதத்தில் போட்ட கணக்கு, அறுபது வருஷம் கழித்து நானோகுழாயில் நடந்தது. கரைசலை உறையவைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, குழாய்கள் உண்மையிலேயே தனித்தனியாக இருப்பதை உறுதிசெய்ததில் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு.

இது எப்படி நடக்கிறது? மிகக் கடுமையான அமிலம் என்பதால் அது குழாயின் சுவருக்குப் புரோட்டானைத் தருகிறது. சுவரெங்கும் லேசாக நேர்மின்னூட்டம் பரவுகிறது. எல்லாக் குழாய்க்கும் ஒரே மின்னூட்டம், ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. நான் மேலே சொன்ன இருபதாயிரம் மடங்கு ஒட்டுதலை இந்தத் தள்ளுதல் சமாளித்துவிடுகிறது. முக்கியமான விஷயம் இதற்கப்புறம் வருகிறது: சுவரில் எந்தப் பிணைப்பும் உடைவதில்லை. அமிலத்தை நீக்கினால் மின்னூட்டம் போய்விடும், பழைய ஒட்டுதல் அப்படியே திரும்பிவரும். வேலை நடக்கும்போது பகை, வேலை முடிந்ததும் உறவு. மீயொலி தேவையில்லாததால் குழாய் வெட்டுப்படுவதும் இல்லை. நீளமான குழாய்கள் கரையுமா என்ற சந்தேகமும் 2010இல் தீர்ந்தது: அரை மில்லிமீட்டர் நீளமுள்ளவைகூடக் கரைந்தன.

அதற்கு அடுத்த மூன்று வருஷம் நூற்புக்காரர்களின் உழைப்பு. நெதர்லாந்தின் தெய்ஜின் அராமிட் நிறுவனம் சேர்ந்துகொண்டது. அமிலக் கரைசலிலிருந்து நூல் எடுப்பது அவர்களுக்கு அன்றாடத் தொழில்.

கிட்ட நின்று பார்த்தால் வேலை இப்படி நடக்கிறது. குழாய்கள் கரைந்த கறுப்புக் குழம்பை (நூற்புத் தொழிலில் ‘டோப்’ என்பார்கள்) 65 முதல் 130 மைக்ரான் விட்டமுள்ள துளைவழியே தள்ளுகிறார்கள். துளைக்கு வெளியே அசிட்டோன் அல்லது தண்ணீர்த் தொட்டி. அமிலம் அந்தத் திரவத்துக்குள் ஓடிவிட, குழாய்கள் ஒட்டிக்கொண்டு நூலாகின்றன. எதிர்ப்புறம் ஓர் உருளை, துளையிலிருந்து நூல் வரும் வேகத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. அந்த இழுப்பில் குழாய்கள் இன்னும் நேராகின்றன, நடுவில் வெற்றிடம் குறைகிறது. கடைசியில் கையில் கிடைப்பது 9 மைக்ரான் அளவு இழை. தலைமுடியின் எட்டில் ஒரு பங்கு.

அந்த ஒற்றை இழையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் ஒன்றின் விட்டம் 2 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இழையை எங்கே வெட்டினாலும் குறுக்கே ஒரு கோடிக்கு மேல் குழாய்கள் நிற்கும். அளந்த சராசரி வலிமை 1 கிகாபாஸ்கல். அப்படியென்றால் இந்த இழை சுமார் ஆறரை கிராம் தாங்கும். கடத்துதிறன் மீட்டருக்கு 2.9 மெகாசீமன்ஸ், அயோடின் ஆவி ஏற்றினால் 5. முதல் கணக்கின்படி ஒரு மீட்டர் இழையின் மின்தடை ஐயாயிரம் ஓமைத் தாண்டும். அதே தடிமனில் செம்புக்கம்பி 270 ஓம்தான். ஒற்றை இழையால் ஒரு காரியமும் ஆகாது, பல இழைகளைச் சேர்த்தாக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் ஒன்பது வருஷத்தில் வலிமை எட்டு மடங்குக்கு மேல், கடத்துதிறன் ஆறு மடங்கு ஏறியதும் தெரிகிறது. வெப்பக் கடத்தலோ செம்புக்குக் கிட்டத்தட்டச் சமம். சாதாரணக் கார்பன் இழையைவிட மின்சாரம் பல பத்து மடங்கு நன்றாகப் பாய்ந்தது. முடிச்சுப் போட்டால் கார்பன் இழை பட்டென்று ஒடியும், இது பருத்தி நூல்போல வளைந்துகொடுத்தது.

செம்போடு ஒப்பிடலாம், அலுமினியத்தோடு?

2017இல் அதே குழு பலவகைக் குழாய்களை வைத்து நூற்று ஒப்பிட்டது. குழாயின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் ஏற ஏற, நூலின் வலிமையும் ஏறக்குறைய அதே வீதத்தில் ஏறியது. பஞ்சின் இழைநீளத்தைப் பார்த்து விலை வைப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. 2021இல் எண்கள் 4.2 கிகாபாஸ்கலையும் 10.9 மெகாசீமன்ஸையும் தொட்டன. வலிமையில் வணிகக் கார்பன் இழைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று.

இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். இந்த நூலைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் செம்போடுதான் ஒப்பிடுகிறார்கள். செம்பின் கடத்துதிறன் 58 மெகாசீமன்ஸ், ஆனால் அது கனமான உலோகம், தண்ணீரைப்போல் ஒன்பது மடங்கு. நூலோ இரண்டு மடங்குக்குள். ஒரே எடைக்கு எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால் நூல் செம்பைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது, உண்மைதான். ஆனால் எடைதான் அளவுகோல் என்றால் போட்டியாளர் அலுமினியம். ஒரே எடைக்குச் செம்பைவிட இரண்டு மடங்கு கடத்தும் உலோகம் அது. கோபுரங்களுக்கு நடுவே போகும் உயரழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தைக் கடத்துவது பெரும்பாலும் அலுமினியம்தான். ஸ்மாலி கனவு கண்ட மின்கம்பிக்கு இந்த நூல் இன்னும் தகுதி பெறவில்லை. இழுவையும் மின்சாரமும் ஓயாத வளைவும் ஒன்றுசேரும் இடம்தான் இதற்கேற்ற இடம். அங்கே அலுமினியம் சீக்கிரமே களைத்து ஒடிந்துவிடும்.

குறை இன்னும் இரண்டு உண்டு. நூலுக்குள் தங்கிவிடும் அமிலமே கடத்துதிறனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது. சூடேற்றி அதை வெளியேற்றினால் எண் இறங்கும். ஆகவே ஒரு கடத்துதிறன் எண்ணைப் பார்த்தால், எந்த நிலையில் அளந்தது என்று கேட்பது நல்லது. அப்புறம், குளோரோசல்ஃபோனிக் அமிலம் தண்ணீரைக் கண்டால் வெடித்தாற்போல் வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் சமாளிக்கலாம். தொழிற்சாலை அளவில் அதை மீட்டெடுத்துச் சுழற்சியில் வைப்பது தனிப் பொறியியல்.

குழாய்த்தூளை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. ஒரு குறிப்பிட்ட விறைத்த பலசுவர்க் குழாய் வகையை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரச் சாத்தியமுள்ள பட்டியலில் வைத்திருக்கிறது. நூலாகிவிட்டால் குழாய்கள் பிடிபட்டுவிடும். தூளாகக் கையாளும் கட்டம்தான் கவனிக்க வேண்டியது.

நூல் போய்ச் சேர்ந்த இடம்

2015இல் இந்த வழியை வணிகமாக்க டெக்ஸ்மாட் என்ற நிறுவனம் ரைஸிலிருந்து பிரிந்து வந்தது. 2019இல் ஹூஸ்டனின் டெக்சஸ் ஹார்ட் இன்ஸ்டிடியூட் மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடந்தது. இதயத்தில் தழும்பு விழுந்த இடத்தில் மின்துடிப்பு கடக்காது. தழும்பின் இருபுறமும் இந்த நூலைத் தைத்தார்கள், செம்மறியாட்டு இதயத்தில். துடிப்பு நூல்வழியாகத் தாண்டிப் போனது. மென்மையும் வேண்டும், ஓயாமல் வளையவும் வேண்டும், மின்சாரமும் பாய வேண்டும் என்ற இடம். நான் மேலே சொன்ன கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2021இல் அடுத்த முயற்சி, ஒரு விளையாட்டுச் சட்டை. மார்பில் இந்த நூலை வளைந்து வளைந்து தைத்து, இதயத் துடிப்பை அளக்க வேண்டும். வளைத்துத் தைத்தால்தான் துணி நீளும்போது நூலும் கூட நீளும். தையல் இயந்திரத்தில் கோத்துப் பார்த்தார்கள். 22 மைக்ரான் இழை, இயந்திரத்துக்கு அது நூலாகவே தெரியவில்லை. கடைசியில் பொம்மைக் கப்பல் செய்பவர்கள் பாய்மரத்துக்குக் கயிறு திரிக்கும் ஒரு சின்னக் கருவியை விற்பவரைப் பிடித்தார்கள். ஏழு இழைக்கு ஒரு புரி, மூன்று புரிக்கு ஒரு நூல் என்று முறுக்கியதும் ஊசி அதை ஏற்றுக்கொண்டது.